நடுவில் ஒரு ஆள்

எல்சியார் அண்ணனும் அவருடைய மாமியாரும் நாற்பத்து நான்கு வருடங்களாக ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. முறை அப்படி. வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் முயல்முனையில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்த்துப் பேசினால் மரியாதைக் குறைவு. மாமியார் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதைவிடப் பெரிய குறைவு. ஊரில் மற்றவர்கள் இதையெல்லாம் விட்டு முப்பது வருடம் ஆகிறது. இப்போது மாமியாரும் மருமகனும் ஒரே பனிவண்டியில் ஏறிக் கடைக்குப் போய் வருகிறார்கள், வழியெல்லாம் வாய் ஓயாமல். இவர்கள் இருவர் மட்டும் விடவில்லை.

நடுவில் டெல்மா இருந்தாள். எல்சியார் அண்ணனுக்குப் பெண்டாட்டி, ஃபிலோமின் அத்தைக்கு மகள், எனக்கு அத்தை மகள். கூரை ஒழுகுகிறதா என்று உங்கம்மாவிடம் கேள் என்பார் அவர், மூன்றடி தள்ளி நிற்கும் மாமியாரின் காதில் விழும்படி. போன வருஷமே ஒழுகியது என்று மாப்பிள்ளையிடம் சொல் என்பார் அத்தை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. டெல்மா எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். இந்தப் பக்கம் ஒருமுறை தலையாட்டுவாள், அந்தப் பக்கம் ஒருமுறை தலையாட்டுவாள். பேச்சு ஒரு ஆள் வழியாகப் போக வேண்டும் என்பதுதான் முறை. அந்த ஆள் வாயைத் திறக்க வேண்டும் என்று முறை கிடையாது.

நான் ஊர் மன்றத்தின் மொழி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அலுவலகம் என்றால் பழைய மருந்தகத்தின் பின்னறை. ஒரு மேசை, ஒரு ஒலிப்பதிவு மெஷின், சுவரில் ஊசி போடும் அட்டவணை. அட்டவணையை யாரும் கழற்றவில்லை, நானும் கழற்றவில்லை. எங்கள் பூர்வகுடிப் பேச்சான அனிஷினாபேயைக் காப்பாற்றுவது என் உத்தியோகம். அந்தப் பேச்சு எனக்குக் கேட்டால் முழுக்கப் புரியும், பேசப் போனால் உளறுவேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஆகவே காப்பாற்றுகிற வேலையைப் பெரியவர்கள் செய்கிறார்கள், நான் பொத்தானை அழுத்துகிறேன்.

எல்சியார் அண்ணனுக்குப் பேச்சு முழுசாக மிஞ்சியதற்குக் காரணம் ஒரு தார்ப்பாய். அவர் சிறுவனாக இருந்தபோது, இலையுதிர் காலத்தில் எங்கள் பேச்சைப் பேசினால் அடிக்கிற தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போக அரசாங்க விமானம் வந்து ஏரியில் இறங்கும். சத்தம் கேட்டதும் அவருடைய அப்பா மகனைப் படகில் படுக்கவைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு, அதன்மேல் மீனைக் கொட்டிவிடுவார். இப்படி நான்கு வருடம். ஐந்தாவது வருடம் அவர்களே தேடுவதை விட்டுவிட்டார்கள். அதனால் அண்ணனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது, எங்கள் பேச்சில் ஒரு சொல்கூட விட்டுப்போகவும் இல்லை. பள்ளிக்கூடம் போன நாங்கள் மொழியைக் காப்பாற்ற விண்ணப்பம் எழுதுகிறோம். அவர் சும்மா பேசுகிறார். மீன் வாடை மட்டும் இன்றுவரை பிடிக்காது என்பார், வாழ்நாள் முழுக்க மீனோடு கிடந்த மனுஷன்.

முப்பத்தொரு வருடம் அவர் ஏரிக்கு அந்தப்புறம் உள்ள விடுதியில், மீன் பிடிக்க வரும் அமெரிக்கர்களுக்குப் படகு ஓட்டினார். ஆங்கிலத்தை அங்கேதான் பொறுக்கினார். காற்று மாறுது, இங்க ஆழம், இங்க இல்ல, இது சின்னது விட்டுடுங்க. அவ்வளவுதான் அவருடைய ஆங்கிலம். அதற்கு மேல் ஒருநாளும் தேவைப்படவில்லை. வந்தவர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஞானி என்று நினைத்தார்கள். அவருக்குப் பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அதே விடுதியில் ஃபிலோமின் அத்தை சமையல். அண்ணன் கழுவிய மீனை ஜன்னல் படியில் வைத்து இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார். அவர் போன பிறகு ஜன்னல் திறக்கும். இருபத்தைந்து கோடைகள் இப்படி ஓடின. அத்தை நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், ஆங்கிலம் நன்றாக வரும். வேலையை விட்ட அன்று, எழுபது வயதில், இனி அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம் என்று சொல்லிக் கடையை மூடுவதுபோல் மூடிவிட்டார். பதினாறு வருடமாக ஒரு வார்த்தை இல்லை. மருந்தகக் கோப்பில் 'ஆங்கிலம் தெரியாது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் திருத்தவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நான் முறைப்படி புகையிலை கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன், பதிவுக்கு வரச் சொல்லி. தொட்டுவிட்டால் மறுக்க முடியாது என்பதால் அரைமணி நேரம் அதைத் தொடாமல் தேநீர் குடித்தார். வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டார். அத்தை என்றேன். அப்படியானால் டெல்மாவும் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் புகையிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூவரும் வாரத்தில் இரண்டு நாள் வந்தார்கள். பனிக்கு அடியில் வலை இறக்குவது எப்படி, மூஸ் மானின் மூக்கை எப்படி வேகவைப்பது, யார் யாருக்கு என்ன முறை, எல்லாம் பேசினார்கள். டெல்மா கேட்பாள், அம்மா ஒன்று சொல்வார், புருஷன் வேறொன்று சொல்வார், டெல்மா சிரிப்பாள். வெள்ளிக்கிழமை மதியம் ஊர் ரேடியோவில் போட்டோம். அதை வைத்து வயதுவந்தவர்களுக்கு வகுப்பும் தொடங்கினேன். பதினான்கு பேர், எல்லோருக்கும் முப்பது வயதுக்கு மேல். நன்றாகத்தான் போனது.

நவம்பரில், ஏரி உறைந்தும் உறையாமலும் கிடக்கிற வாரத்தில், டெல்மாவுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனை அக்கரையில். அந்த வாரத்தில் படகும் போகாது, வண்டியும் போகாது. மூடுபனியில் ஹெலிகாப்டர் கிளம்பாது என்று சொல்லிவிட்டார்கள். எல்சியார் அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். குத்திப் பார்த்துவிட்டு வந்து, தாங்காது என்றார். பனியைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் அவர்தான். அவர் தாங்காது என்றால் தாங்காது. டெல்மா மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தாள். அதற்கு அடுத்த நாள் குளிர் இறுக்கிப் பிடித்தது. அக்கரையிலிருந்து ஒருவன் சாவுக்கு நடந்தே வந்துவிட்டான். அண்ணன் அவனுடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பூட்ஸும் காய்ந்திருந்தன.

பதிவு வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை அண்ணன் தானாக வந்து நின்றார், கூடவே அவருடைய நாய் ஓகா. ஓகா என்றால் எங்களிடம் ஒருவகை மீன். மீன் வாடை பிடிக்காதவர் நாய்க்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார் என்று கேட்டால், நாய்க்கு அந்த வாடை பிடிக்கும் என்பார். பின்னாலேயே மன்றத்து வண்டியில் அத்தையும் வந்து இறங்கினார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அண்ணன் கதவுப் பக்கம், முதுகைப் பாதி காட்டிக்கொண்டு. நடுவில் நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். நீ மெஷினைப் பாரு என்றார் அத்தை. நாய் நடுவில் போய்ப் படுத்தது.

"ஓகா," என்றார் அண்ணன் கொஞ்ச நேரம் கழித்து, "அத்தைகிட்ட சொல்லு. வலைய இறக்கறப்ப முதல்ல கல்லக் கட்டணும்."

அத்தை நாயைப் பார்த்தார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு. அவங்கப்பா முதல்ல மிதவையத்தான் கட்டுவாரு. அதுதான் சரி."

எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் பதிவு தெளிவாக விழுந்தது. எட்டு வாரம் அப்படியே எடுத்தேன், அப்படியே ரேடியோவில் போட்டேன், அப்படியே வகுப்பில் நடத்தினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பேச்சைக் கேட்க வேறு வழி இல்லை. கேட்டதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெரால்டு லூன் தன் பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்க, அவளுடைய நாயிடம், அந்த அம்மாவுக்குத் தேநீர் வேண்டுமா கேள் என்றிருக்கிறார். அவள் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாய் இல்லாதவர்கள் அடுப்போடு பேசினார்கள். கடை வாசலில், பெட்ரோல் போடுகிற இடத்தில், எல்லோரும் எதிரில் நிற்பவரை விட்டுவிட்டு எதையாவது பார்த்து அழகான அனிஷினாபேயில் நலம் விசாரித்தார்கள். ஊர்த் தலைவர் மன்றக் கூட்டத்தை ஒரு காலி நாற்காலிக்கு வணக்கம் சொல்லித் தொடங்கினார். அது காலியாக இருந்தது தெரியும் என்றும், வகுப்பில் அப்படித்தான் கற்றேன் என்றும் பிறகு என்னிடம் சொன்னார்.

நான் போய் அண்ணனிடம் முறையிட்டேன். அவர் யோசித்துவிட்டு, மரியாதையாகத்தானே பேசுகிறார்கள் என்றார். அத்தையிடம் சொன்னேன்.

"பேசட்டும் மருமவளே," என்றார். "நாய்ங்களாவது கத்துக்கும்."

முகம் பார்த்துப் பேசுகிற ஜோடி வேண்டும் என்று, பக்கத்து ஊரிலிருந்து அண்ணனுடைய அத்தை மகள் டீலியாவைக் கூட்டிவந்தேன். முறைக்காரி, எழுபது வயது. அத்தை மகளும் மாமன் மகனும் ஒருவரை ஒருவர் கேலி செய்யாவிட்டால்தான் எங்களிடம் அவமரியாதை. டீலியா அண்ணனுடைய கால்சட்டையில் தொடங்கினாள். ஒரு நிமிடத்தில் கால்சட்டையைத் தாண்டிவிட்டாள். அண்ணனும் சளைக்கவில்லை, நாற்பது வருடமாக வாயில் போட்டு வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. பத்து நிமிடம் பதிவானது. மொழி அருமையான மொழி. ரேடியோவில் போட முடியாது. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் சாவி கேட்டுவிட்டார்கள்.

சிரித்துவிட்டுப் போன அந்த மத்தியானம்தான் அண்ணன் என்னிடம் மனம் திறந்தார். டீலியாவை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, மெஷினை அணைத்தாயிற்றா என்று கேட்டார். அணைத்துவிட்டேன் என்றேன்.

"தங்கச்சி, அன்னைக்கு நான் ஐஸைச் சரியாப் பாக்கலையோ என்னவோ," என்றார். "ஒரு நாள் கழிச்சு ஒருத்தன் நடந்து வர்றான். அத்தை மனசுல அதுதான் இருக்கு. பொண்ண விட்டுட்டான்னு. அவங்க முகத்துலயே தெரியுது."

அத்தை அப்படி நினைக்க மாட்டார் என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அண்ணன் தலையாட்டிவிட்டுப் போனார். தினமும் போல மீனை அத்தை வீட்டு வாசற்படியில் வைத்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு, தன் வீட்டுக்குப் போனார். நாலு மாதமாக அவர் ஒருநாளும் அந்த வீட்டுக்குள் உட்காரவில்லை. விறகு வைப்பார், குடிதண்ணீர் வைப்பார், கூரைப் பனியைத் தள்ளுவார், போய்விடுவார்.

மார்ச் மாதம் நகரத்து முதியோர் நல அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எண்பத்தாறு வயதுப் பெண், தனியாக இருக்கிறார், ஆங்கிலம் தெரியாது, கவனித்துவந்த மகள் இறந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. அவரோடு தினமும் பேசிக் கவனிக்கிற ஆள் ஊரில் இல்லையென்றால், உறைந்த ஏரிமேல் போகும் பனிச்சாலை உருகுவதற்குள் அழைத்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். அந்த இல்லம் எனக்குத் தெரியும். சுத்தமான இடம், நல்ல சாப்பாடு. அங்கே எங்கள் பேச்சு பேச ஒருவர்கூட இல்லை. அத்தையை அங்கே கொண்டுபோய் வைத்தால் சாகும்வரை ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், அவரும் யாரிடமும் பேச மாட்டார். எழுபது வயதில் மூடிய கடையை எண்பத்தாறில் திறக்கமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

நான் ஏரி வளைவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறேன், என் பேச்சும் உளறல். கவனிக்கிறவர் என்ற இடத்தில் எல்சியார் அண்ணன் பெயரை எழுதி அனுப்பினேன். உண்மைதானே. நேரில் பார்த்து முடிவு செய்கிறோம் என்று பதில் வந்தது.

வந்தவர் திருமதி வின்ஸ்லோ. நல்ல மனுஷி, பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் பதினோரு பக்கப் படிவம். அத்தை ஜன்னல் ஓரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகச்சவரம் செய்து, பொத்தான் போட்ட சட்டையோடு, கதவருகே முதுகைப் பாதி காட்டி நின்றார். வீட்டுக்குள் வரவைப்பதற்குள் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. கவனிக்கிறவர் இவரோடு பேசுவதை நான் பார்க்க வேண்டும், அதனால் அவரே மொழிபெயர்க்கட்டும் என்றார் அந்த அம்மா. நான் அடுப்பங்கரைத் தொட்டியில் கோப்பை கழுவப் போனேன்.

இன்று என்ன கிழமை என்று கேட்டார். அண்ணன் அதை எங்கள் பேச்சில் நாயிடம் சொன்னார். ஏன், அந்த அம்மா கிழமையைத் தொலைத்துவிட்டாளா என்று நாயிடம் கேட்டார் அத்தை. செவ்வாய் என்கிறார் என்று மொழிபெயர்த்தார் அண்ணன். நாட்டின் பிரதமர் யார் என்று கேட்டார். அவன் என் வீட்டுக்கு வந்ததில்லை என்றார் அத்தை. சரியாகச் சொல்கிறார் என்றார் அண்ணன்.

நான்காம் பக்கத்தில் திருமதி வின்ஸ்லோ பேனாவைக் கீழே வைத்தார். என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், இவர் அவரைப் பார்ப்பதே இல்லை, அவர் இவரைப் பார்ப்பதில்லை, இருவரும் நாயோடு பேசுகிறார்கள், இவரைக் கவனிக்கிறவர் என்று நான் எப்படி எழுதுவது என்று கேட்டார். நான் முறையை விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். அதை மதிக்கிறேன், ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார். இருக்கிற இடம் ஒன்பதாவது கேள்விதான், அதற்கு நேரான பதில் வந்தால் போதும் என்றார். கவனிக்கிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் மனக்கசப்பு உண்டா?

அண்ணன் கேள்வியைக் கேட்டுக்கொண்டார். நாயைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திருமதி வின்ஸ்லோவைப் பார்த்து எங்கள் பேச்சில் சொன்னார்.

"அத்தைகிட்ட கேளுங்கம்மா. அவங்களுக்கு எம்மேல கோவமா."

நான் குழாயை மூடினேன்.

அத்தை கத்தியை வைத்தார். திருமதி வின்ஸ்லோ பக்கம் திரும்பி, அந்த அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பேசினார்.

"ஏம்மா, மாப்பிள்ளைகிட்ட சொல்லு. அன்னைக்குக் காலைல அவரு ஏரிக்குப் போறதுக்கு முன்னாடியே நான் போயிட்டு வந்துட்டேன். கோடாலிக் காம்பால குத்துனேன். மூணாவது குத்துல தண்ணி மேல வந்துடுச்சு. அப்புறந்தான் அவரு கடப்பாரையோட போறதப் பாத்தேன். தாங்காதுன்னு வந்து சொன்னாரு. தாங்கும்னு சொல்லியிருந்தா நான் கதவுக்குக் குறுக்க படுத்திருப்பேன். ஒரே நாள்ல ரெண்டு பேரக் குடுக்க என்னால முடியாதும்மா. நாலு மாசமா இதச் சொல்லணும்னு இருக்கேன். ஊரே கேக்கற மெஷின் முன்னால சொல்ற பேச்சா இது? நாய்கிட்டச் சொல்லி அனுப்பற பேச்சா? எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னவதான் போயிட்டா. அவ போனத நான் யார்கிட்டச் சொல்லி அனுப்புவேன்?"

திருமதி வின்ஸ்லோ அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்கறாங்க," என்றார் ஆங்கிலத்தில். "மீன் நல்லா இருக்காம்."

திருமதி வின்ஸ்லோ எழுதப் போனார்.

"நான் சொன்னது அது இல்ல," என்றார் அத்தை. ஆங்கிலத்தில்.

பேனா நின்றது. அந்த அம்மா கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினேன்.

"எல்லாத்தையும் சொல்லச் சொல்லு," என்றார் அத்தை திருமதி வின்ஸ்லோவிடம், அதே ஆங்கிலத்தில். பிறகு கிழங்கை எடுத்துக்கொண்டார். அத்தோடு கடை மறுபடி மூடியாயிற்று.

மீன் பிடிக்கிற ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. அண்ணன் இருப்பதை வைத்துச் சொன்னார். ஐஸ் மோசம் என்றார். அவங்களும் பாத்தாங்க என்றார். எனக்கு முன்னாடியே பாத்தாங்க. நான் போகாதது சரி. சரி, சரி, என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

எந்த ஐஸ் என்று திருமதி வின்ஸ்லோவுக்குப் புரியவில்லை. நான் ஈரக் கையோடு வந்து நாலு வாக்கியத்தில் சொன்னேன். அந்த அம்மா ஒன்பதாம் கேள்வியில் 'இல்லை' என்று குறித்தார். கவனிக்கிறவர் என்ற இடத்தில் அண்ணனுடைய பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். இவர் இங்கேயே இருக்கலாம் என்று எழுதுகிறேன், இலையுதிர் காலத்தில் மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். வெயில் ஏறுகிறது, சாலை இளகுவதற்குள் போக வேண்டும்.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார் அண்ணன், எங்கள் பேச்சில். வார்த்தை புரியாவிட்டாலும் அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தார்.

"அத்தைகிட்ட சொல்லுங்க. நாலு மாசமா அவங்க முகத்துல நான் அதத்தான் பாத்தேன். பொண்ண விட்டுட்டான்னு எழுதியிருந்துச்சு."

அத்தை கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா," என்றார். "நாப்பத்தி நாலு வருஷத்துல அவரு என் மூஞ்சிய ஒரு நாளும் ஏறெடுத்துப் பாத்தது கிடையாது. அவ்வளவு நல்ல மாப்பிள்ளை. அதுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

எல்சியார் அண்ணன் கதவுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார், சத்தமாக. டெல்மாவின் சாவில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை.

என்ன நடக்கிறது, என்னிடம் என்ன சொன்னார்கள் என்று திருமதி வின்ஸ்லோ கேட்டார். உங்களிடம் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் தலையாட்டினால் போதும் என்றேன். அவர் அத்தை பக்கம் ஒருமுறை தலையாட்டினார், அண்ணன் பக்கம் ஒருமுறை தலையாட்டினார். அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டெல்மா கடைசி நாள் காலையில் என்ன கேட்டாள் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தொடங்கினார். அத்தை அந்த அம்மாவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒருமுறை திருமதி வின்ஸ்லோ கைக்கடிகாரத்தைக் காட்டி, நான் கிளம்பலாமா என்று என்னிடம் கேட்டார். நான் அத்தையிடம் கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லு," என்றார் அத்தை.

நான் அந்த அம்மாவுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.